வலப்பக்கம் முழுக்க இடதுகால்: ஓர் இளையோர் அணியின் ஒரு சீசன்

பின்னணி

19 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி ஒன்றின் ஒரு சீசனைப் பற்றிய பதிவு இது. 10 அணிகள் ஆடும் லீக். ஒவ்வோர் அணியுடனும் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம், வெளியே ஓர் ஆட்டம் என மொத்தம் 18. ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துக் குறிப்பெடுத்துத் தலைமைப் பயிற்சியாளரிடம் கொடுப்பது என் வேலை. ஆடியவர்கள் சின்னப் பையன்கள் என்பதால் பெயரோ கிளப்போ இங்கே வராது. ஆடிய இடத்தை வைத்தே ஒவ்வொருவரையும் குறிப்பிடுகிறேன்.

அணியில் இருந்த 20 பேரில் 9 பேர் இடதுகால்காரர்கள். வழக்கமாக ஆடும் 11 பேரில் 7 பேர். 1998 பிரான்ஸ் உலகக் கோப்பை ஆட்டங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வீரர்கள் வலதுகாலையே நம்பி ஆடியது தெரிந்தது. பொதுமக்களிடையேயும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். அப்படிப் பார்த்தால் ஓர் அணியில் இரண்டு இடதுகால்காரர்கள், மிஞ்சினால் மூன்று பேர் இருப்பார்கள். எங்களிடம் 7 பேர் சேர்ந்தது தற்செயல் இல்லை. இந்தப் பையன்களைச் சிறு வயதில் தேர்ந்தெடுத்த பயிற்சியாளருக்கு ஒரு கொள்கை இருந்தது: இடதுகால் பையன் கண்ணில் பட்டால் விடக்கூடாது, பிறகு தேடினால் கிடைக்க மாட்டான். தனித்தனியாகப் பார்த்தால் அவர் எடுத்த ஒவ்வொரு பையனும் நல்ல தேர்வுதான். மொத்தமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அணி 4-3-3 முறையில் (தடுப்பில் நான்கு பேர், நடுக்களத்தில் மூன்று, தாக்குதலில் மூன்று) ஆடியது. கோல்கீப்பர் இடதுகால். பின்வரிசையில் நான்கு பேருமே (நடுவில் இரண்டு சென்டர் பேக், ஓரங்களில் ரைட் பேக், லெஃப்ட் பேக்) இடதுகால். வலப்பக்க நடுக்கள வீரரும், வலது ஓரமாக ஏறித் தாக்கும் ரைட் விங்கரும்கூட இடதுகால். பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் தடுப்பு நடுக்கள வீரர், இடப்பக்க நடுக்கள வீரர், லெஃப்ட் விங்கர், முன்னால் நடுவில் நின்று தாக்கும் ஸ்ட்ரைக்கர் ஆகிய நால்வர்தான் வலதுகால். மைதானத்தில் இது எப்படி அமைந்தது என்று பாருங்கள். இடப்பக்கத்தில் இரண்டு கால்களும் கலந்திருந்தன. வலப்பக்கத்தில் ரைட் பேக், வலது சென்டர் பேக், நடுக்கள வீரர், விங்கர் என நான்கு பேரும் இடதுகால். ரைட் பேக் உண்மையில் லெஃப்ட் பேக்காக வளர்ந்தவர். அந்த இடத்துக்கு நல்ல ஆள் இரண்டு பேர் இருந்ததால் ஒருவரை இந்தப் பக்கம் தள்ளியிருந்தார்கள்.

சீசன் தொடங்கும்போது

முதல் சில ஆட்டங்கள் நன்றாகவே போயின. இடதுகால் அரிது என்பதால் கிடைக்கும் அனுகூலம் உண்மையானது. எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் வாரம் முழுக்க வலதுகால் ஆட்களோடு மோதிப் பழகியவர்கள். எங்கள் ரைட் விங்கர் வெளியே போவதுபோலக் காட்டி உள்ளே வெட்டி, அதாவது சட்டென்று மைதான நடுவை நோக்கித் திரும்பி, இடதுகாலால் அடித்தபோது அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. முதல் மூன்று ஆட்டங்களில் வந்த கோல்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே அசைவிலிருந்து வந்தவை. இடதுகால் அணி என்று பேச்சுகூட வந்தது. பையன்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

நான்காவது ஆட்டத்தில் எதிரணி வேறு மாதிரி வந்தது. அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் எங்கள் இடது சென்டர் பேக்கை நோக்கி நேராக ஓடவில்லை. வளைந்து ஓடி, இடப்பக்கப் பாதையை அடைத்துக்கொண்டு, வலப்பக்கத்தைத் திறந்துவிட்டார். பந்து அங்கே போகட்டும் என்று காத்திருந்தார்கள். போனதும் மூன்று பேர் பாய்ந்தார்கள். அந்த ஆட்டத்தில் 3-0 தோல்வி. மூன்று கோல்களும் வலப்பக்கத்தில் மைதானத்தின் எங்கள் பாதிக்குள் பறிகொடுத்த பந்திலிருந்து வந்தவை. அடுத்த வாரம் வந்த அணியும் அதையே செய்தது. லீக்கில் செய்தி பரவ அதிக நாள் ஆகாது.

வீடியோவில் பிடிபட்டது

'வலப்பக்கம் பதற்றமாக இருக்கிறது' என்பதுதான் பயிற்சியாளர்கள் அறையில் முதலில் பேசப்பட்டது. பதற்றம் என்பது விளைவு. காரணம் அந்தப் பையன்களின் உடல் திரும்பியிருந்த கோணத்தில் இருந்தது.

பந்து இடது சென்டர் பேக்கிடமிருந்து வலது சென்டர் பேக்குக்கு வருகிறது. வருவது அவருடைய இடது கையின் பக்கத்திலிருந்து. வலதுகால்காரர் என்றால் அந்தப் பந்தைத் தன்னைக் கடந்து ஓடவிட்டு, தள்ளி இருக்கும் வலது காலால் நிறுத்துவார். நிறுத்தும்போதே அவர் முகம் முன்னே திரும்பியிருக்கும். மைதானம் முழுக்கக் கண்ணில் இருக்கும். எங்கள் பையன் அருகில் இருக்கும் இடது காலால் நிறுத்தினார். நிறுத்திய கணத்தில் அவர் உடம்பு பந்து வந்த திசையையே பார்த்தது. வலப்பக்கம் பாஸ் கொடுக்க வேண்டுமானால் இன்னொரு தொடுதல் தேவை. அந்த ஒரு தொடுதலுக்குள் ஸ்ட்ரைக்கர் நான்கைந்து மீட்டர் நெருங்கிவிடுகிறார். அதுவும் பந்து இருக்கும் காலின் பக்கமாகவே வருகிறார்.

சரி, எப்படியோ ரைட் பேக்குக்குப் பந்தைத் தள்ளிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் அதே கதை. ரைட் பேக் இடது காலில் பந்தோடு உள்பக்கம் பார்த்து நிற்கிறார். எதிரணி விங்கர் உள்ளேயிருந்து வந்து நடுக்களத்துக்கான வழியை மூடுகிறார். மிச்சம் இருப்பது டச் லைனை (மைதானத்தின் பக்கக் கோட்டை) ஒட்டி விங்கருக்கு முன்னே அனுப்பும் பாஸ் ஒன்றுதான். இடது காலின் உட்புறத்தால் வளைத்து அடித்தால் பந்து இடமிருந்து வலமாக வளையும். வலது ஓரத்தில் நின்று அப்படி அடித்தால் அது வளைந்து போய்ச் சேரும் இடம் கோட்டுக்கு வெளியே. வலதுகால்காரர் அடிக்கும் அதே பாஸ் நெருக்குபவரைச் சுற்றி வெளியே போய், மறுபடி உள்ளே வளைந்து விங்கரின் ஓட்டத்தில் விழும். எங்கள் ரைட் பேக் அடித்த பந்துகள் விங்கருக்கு ஒரு கஜம் முன்னால் கோட்டைத் தாண்டின. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பாஸின் வேகமும் சரி, நேரமும் சரி. வளைவு மட்டும் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு முறையும் எதிரணிக்கு ஒரு த்ரோ.

முன்னால் இன்னொரு நெரிசல். விங்கர், வலப்பக்க நடுக்கள வீரர், மேலேறி வரும் ரைட் பேக் ஆகிய மூவருக்கும் பிடித்த இடம் ஒன்றே: பெனால்டி பகுதியின் வலது மூலைக்குச் சற்று வெளியே, கோலை நோக்கி இடதுகாலை வீசத் தோதான இடம். ஒரே ஜன்னல் சீட்டுக்கு மூன்று பேர் துண்டு போட்ட கதைதான். வெளிப்பக்கமாக ஓடி கோல் லைன் வரை போய்ப் பந்தைப் பின்னால் இழுத்துக் கொடுக்க யாரும் இல்லை. எதிரணியின் லெஃப்ட் பேக் இதைப் புரிந்துகொண்டதும் வெளிப்பக்கத்தைக் கைவிட்டார். உள்ளே மட்டும் அடைத்துக்கொண்டு நின்றார். அவர் விட்ட இடத்தில் ஓட எங்களிடம் ஆள் இல்லை. வலப்பக்கத்திலிருந்து வந்த கிராஸ்கள் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் பந்துகள்) எல்லாம் கோலை நோக்கி வளைபவை. அதில் தப்பில்லை, ஆனால் எல்லாமே அப்படி என்றால் எதிரணிக் கோல்கீப்பருக்கு வேலை சுலபம்.

பயிற்சியில் ஒளிந்திருந்த சிக்கல்

இதுவரை சொன்னவை அனுபவமுள்ள எந்தப் பயிற்சியாளரும் ஊகிக்கக்கூடியவை. அடுத்தது யாரும் எதிர்பாராதது. என்னைக் கேட்டால், இந்தச் சீசனில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயமே இதுதான்.

எங்கள் லெஃப்ட் பேக் அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரர். அவர் பக்கம் கால் பொருத்தம் சரியாக இருந்தது. அப்படியிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்து கிராஸ்கள் வந்துகொண்டே இருந்தன. எதிரணியின் ரைட் விங்கர் பந்தோடு வரும்போது இவர் எப்போதும் உள்பக்கத்தை மூடி நின்றார். வெளிப்பக்கம் திறந்திருந்தது. அந்த விங்கர் வலதுகால்காரர். வெளியே ஓடி வலது காலால் கிராஸ் அடிப்பதுதான் அவருக்கு வேண்டியதே. தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

பயிற்சியாளர் அவரைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினார். பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ளே வெட்டுவான்னு நினைச்சேன், கோச்" என்றார். ஏன் அப்படி நினைத்தார் என்று பேசப் பேச விஷயம் வெளியே வந்தது. வாரம் முழுக்கப் பயிற்சியில் அவர் எதிர்கொள்வது எங்கள் ரைட் விங்கரை. அவருக்கு மாற்றாக ஆடும் விங்கரும் இடதுகால்தான். இரண்டு பேரும் உள்ளேதான் வெட்டுவார்கள். பல மாதங்களாக இவர்களை அடக்கப் பழகிய உடம்பு அது. ஆட்ட நாளில் எதிரே வலதுகால் விங்கர் வந்து நின்றாலும் கால் தானாக உள்பக்கத்தைத்தான் மூடும்.

அப்புறம் கோல்கீப்பரையும் அதே கண்ணோடு பார்த்தேன். எதிரணியின் வலது ஓரத்திலிருந்து வந்த கிராஸ்களில் இரண்டு முறை அவர் வெளியே வந்து பந்தைத் தவறவிட்டிருந்தார். இரண்டும் கோல். பயிற்சியில் அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு வருவது இடதுகால் கிராஸ். அது அவரை நோக்கி வளைந்து வரும். ஆட்டத்தில் வந்தவை வலதுகால் கிராஸ். அவை அவரைவிட்டு விலகி வளைபவை. இரண்டு கைகளையும் நீட்டிச் சரியான இடத்துக்குத்தான் போனார். பந்து அங்கே இல்லை.

இடதுகால்காரர்கள் நிறைய இருப்பதால் எதிரணி குழம்பும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எதிரணிகள் இரண்டு மூன்று வாரத்தில் தெளிந்துவிட்டன. குழம்பியவர்கள் நாங்கள்தான். லீக்கில் இருக்கும் சாதாரண வலதுகால் ஆட்டம் எங்கள் பையன்களுக்குத்தான் அரிதாகிப் போயிருந்தது.

பேசப்பட்ட வழிகள்

ஏழாவது ஆட்டத்துக்குப் பிறகு அணி அட்டவணையில் ஏழாவது இடத்தில் இருந்தது. நான்கு யோசனைகள் மேசைக்கு வந்தன.

சிலருக்கு ஆட்களை மாற்றிவிடலாம் என்று தோன்றியது. இடதுகால் ஆட்களில் மூன்று பேரை உட்காரவைத்து வலதுகால் மாற்று வீரர்களை இறக்குவது. தலைமைப் பயிற்சியாளர் இதை உடனே மறுத்தார். மாற்று வீரர்கள் ஆட்டத் திறனில் ஒரு படி கீழே. பொருந்தும் காலுக்காக நல்ல ஆட்டக்காரரை இழப்பது கணக்குக்கு ஒத்துவராது என்றார். 1970-இல் மெக்சிகோவில் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியை அவர் எடுத்துக்காட்டினார். அந்த அணியின் தாக்குதலில் ஜெர்சன், ரிவெலினோ, டோஸ்டாவ் என மூன்று இடதுகால்காரர்கள் இருந்தார்கள். பயிற்சியாளர் ஜகாலோ மூவரையும் சேர்த்தே ஆடவைத்தார். ஆனால் மூவரும் நின்ற இடம் வேறு வேறு: ஜெர்சன் நடுக்களத்தில் பின்னால், ரிவெலினோ இடப்பக்கம், டோஸ்டாவ் நடுவில் முன்னால். வலது ஓரத்தை ஜெய்ர்ஸின்ஹோவும் கார்லோஸ் ஆல்பர்ட்டோவும் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் வலதுகால். இத்தாலியை 4-1 என்று வென்ற இறுதி ஆட்டத்தின் கடைசிக் கோல், வலப்பக்கமாக ஓடி வந்த கார்லோஸ் ஆல்பர்ட்டோ பெலே தள்ளிக்கொடுத்த பந்தை வலது காலால் அடித்தது. எத்தனை பேர் என்பதைவிட எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்பது தலைமைப் பயிற்சியாளரின் வாதம்.

உதவிப் பயிற்சியாளர் எல்லோருக்கும் வலதுகால் பயிற்சி கொடுக்கலாம் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு காலிலும் ஆடுபவர்களுக்கு ஐரோப்பிய லீக்குகளில் கூடுதல் சம்பளம் கிடைப்பதாக 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. அந்தத் திறமை அரிது என்பதால்தான் அந்த விலை. சீசன் நடுவில் ஏழு பேருக்கு அதைப் புகட்ட முடியாது. மேலே சொன்ன 1998 உலகக் கோப்பை ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. உயர்மட்ட வீரர்கள்கூடத் தங்கள் மற்றொரு காலை அபூர்வமாகத்தான் பயன்படுத்தினார்கள். பயன்படுத்திய சமயங்களில் வெற்றி விகிதம் ஏறக்குறைய நல்ல காலுக்குச் சமமாக இருந்தது. அதாவது எப்போது பயன்படுத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதிலிருந்து தலைமைப் பயிற்சியாளர் ஒரு நடைமுறை முடிவுக்கு வந்தார்: எல்லோருக்கும் எல்லாம் வேண்டாம், இரண்டு பேருக்கு இரண்டு வேலை மட்டும் போதும்.

மூன்று சென்டர் பேக் முறைக்கு மாறுவது இன்னொரு யோசனை. அதை அப்போதைக்கு ஒத்திவைத்தார்கள். கடைசியாக வந்தது வலப்பக்கத்தை ஒருவரையொருவர் நிரப்பும்படி மாற்றியமைப்பது. அதற்கு மாதிரியாக 2022-23 சீசனில் இங்கிலாந்தின் ஆர்சனல் அணி ஆடிய விதத்தைப் பார்த்தோம். அங்கே வலப்பக்கத்தில் ஒடெகார்ட், சாகா இரண்டு பேரும் இடதுகால். பின்வரிசையிலும் நடுக்களத்திலும் கேப்ரியல், ஜின்சென்கோ, ஷாக்கா என மேலும் மூன்று பேர். ஆனால் சாகாவுக்குப் பின்னால் நின்ற பென் வைட் வலதுகால். சாகா உள்ளே வரும்போது அவர் வெளியே ஓடுவார். ஐந்து இடதுகால்காரர்களோடு அந்த அணி பிரீமியர் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது.

எடுத்த முடிவும் அதன் விலையும்

முடிவில் மூன்று மாற்றங்கள். இளைய வயதுப் பிரிவிலிருந்து ஒரு வலதுகால் ரைட் பேக்கைக் கொண்டுவருவது. கோல்கீப்பரிடம் பந்து இருக்கும்போது தடுப்பு நடுக்கள வீரர் கீழே இறங்கி வலது சென்டர் பேக்கின் வலப்பக்கம் நிற்பது; அவர் வலதுகால் என்பதால் வலது ஓரத்துக்கான முதல் பாஸ் அவரிடமிருந்து போகும். அவர் விட்டுவந்த நடுக்கள இடத்தை லெஃப்ட் பேக் உள்ளே வந்து நிரப்புவது.

இதில் இடம் இழந்தது பழைய ரைட் பேக். தன் இடம் போகிறது என்று சொன்னபோது அவர் கேட்டது: "வலது கால் வராதது என் தப்பா, கோச்?" தப்பில்லைதான். அவரை அந்தப் பக்கம் நிறுத்தியது கிளப். பயிற்சியாளர் அதை அவரிடம் நேராகவே சொன்னார். கூடவே ஒரு வேலையையும் கொடுத்தார். எதிரணியின் லெஃப்ட் விங்கர் வலதுகால்காரராக இருந்து உள்ளே வெட்டி ஆடுபவர் என்றால், அந்த ஆட்டங்களில் இவரே ரைட் பேக். காரணம், அந்த விங்கர் வெட்டி வரும் பக்கம் இவருடைய நல்ல கால் இருக்கிறது. வலதுகால் ரைட் பேக்குகள் அங்கே எட்டாமல் திணறுவார்கள். இவர் இடது காலை நீட்டிச் சுத்தமாகப் பந்தை எடுத்துவிடுவார். முந்தைய ஆட்டங்களின் பதிவில் இதற்குச் சான்று இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் பந்து எங்களிடம் இருந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வலதுகால் பயிற்சி வலது சென்டர் பேக்குக்கும் பழைய ரைட் பேக்குக்கும் மட்டும். ஒவ்வொரு பயிற்சி நாளிலும் தொடக்கத்தில் 15 நிமிடம். இடப்பக்கத்திலிருந்து வரும் பந்தை வலது காலால் முன்னே திறந்து நிறுத்துவது ஒன்று. அதே காலால் 10 முதல் 15 மீட்டர் தரைப் பாஸ் இன்னொன்று. கிராஸ் வேண்டாம், ஷாட் வேண்டாம், நீண்ட பந்து வேண்டாம்.

பயிற்சியில் ஆள் கலப்புக்கு எளிய வழி ஒன்று கிடைத்தது. இளைய பிரிவிலிருந்து இரண்டு வலதுகால் விங்கர்களை வாரத்தில் இரண்டு நாள் அனுப்பச் சொன்னோம். அவர்கள் வேலை எங்கள் லெஃப்ட் பேக்கை வெளிப்பக்கமாகக் கடப்பதும், கோல்கீப்பருக்கு விலகி வளையும் கிராஸ் அடிப்பதும். செலவில்லாத மாற்றம். முதலில் பலன் தந்ததும் இதுதான். மூன்றாவது வாரத்திலேயே லெஃப்ட் பேக் எதிரே நிற்பவரின் காலைப் பார்த்து நிற்கத் தொடங்கியிருந்தார்.

தொடர்ந்து நடந்தது

மற்ற மாற்றங்கள் உடனே பலன் தரவில்லை. புதிய ரைட் பேக்குக்கு வயது 16. பந்து காலில் இருக்கும்போது அழகாக ஆடினார். உடம்பு மோதலில் தள்ளாடினார். முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் பக்கம் இரண்டு கோல் போனது. லெஃப்ட் பேக் நடுக்களத்துக்கு வந்ததால் அவர் விட்டுப்போன இடம் காலியாக, பந்தை இழந்ததும் எதிரணி அங்கே பாய்ந்தது. அதில் ஒரு கோல். இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி.

பெற்றோர் சிலருக்கு இந்த இடத்தில் பொறுமை போயிற்று. அதைக் குறை சொல்ல முடியாது. தலைமைப் பயிற்சியாளர் பார்த்தது கோல்களை அல்ல, பந்து எங்கே இழக்கப்பட்டது என்பதை. முன்பு எங்கள் பெனால்டி பகுதிக்குப் பக்கத்திலேயே பறிபோன பந்து இப்போது நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பறிபோனது. அதனால் முறையை மாற்றாமல் ஒன்றை மட்டும் சேர்த்தார். லெஃப்ட் பேக் உள்ளே வரும்போது இடப்பக்க நடுக்கள வீரர் மேலே போகாமல் பின்தங்கி நிற்க வேண்டும். அவருக்கு இது பிடிக்கவில்லை, கோல் அடிக்கும் வாய்ப்பு குறைகிறது என்று முணுமுணுத்தார். ஆனால் செய்தார்.

சீசனின் இரண்டாம் பாதியில் வலப்பக்கம் திறந்தது. புதிய ரைட் பேக் வெளியே ஓடத் தொடங்கியதும் எதிரணியின் லெஃப்ட் பேக் உள்ளே அடைத்து நிற்க முடியாமல் போனார். அவர் வெளியே போனால் எங்கள் விங்கருக்குப் பழையபடி உள்ளே வெட்ட இடம். போகாவிட்டால் கோல் லைன் வரை போய் இழுத்துக் கொடுக்கும் பந்து. வலப்பக்க நடுக்கள வீரர் இப்போது அந்த மூலைக்கு ஓடாமல் சற்றுப் பின்னால் நின்று தட்டிவிடப்பட்டு வெளியே வரும் பந்துக்குக் காத்திருந்தார். அவருடைய கோல்கள் கூடின.

வலது சென்டர் பேக்கின் மாற்றம் நுணுக்கமானது. அவருடைய வலதுகால் பாஸ் கடைசிவரை சுமார்தான். ஆனால் முதல் தொடுதல் மாறியது. பந்தை வலது காலால் ஒருமுறை முன்னே திறந்துவிட்டால் போதும், நெருக்கி வரும் ஸ்ட்ரைக்கர் தயங்குவார். வளைந்து ஓடி ஒரு பக்கத்தை அடைக்கும் தந்திரம் பலிக்க வேண்டுமானால் பந்து எந்தக் காலுக்குப் போகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த உறுதி போய்விட்டது. 3-0 என்று எங்களை வீழ்த்திய அணி மறுசுற்றில் அதே திட்டத்தோடு வந்தது. அரைமணி நேரத்தில் அதைக் கைவிட்டுப் பின்வாங்கி நின்றது. அந்த ஆட்டம் 1-1.

பழைய ரைட் பேக் உள்ளே வெட்டும் விங்கர்களுக்கு எதிரான ஆட்டங்களில் திரும்ப வந்தார். அப்போதெல்லாம் தாக்குதலில் வலப்பக்கத்தை நம்பாமல் இடப்பக்கமே ஆடினோம். கடைசி மாதத்தில் ஓர் ஆட்டத்தில் ஒத்திவைத்திருந்த மூன்று சென்டர் பேக் முறையையும் முயன்றார்கள். அதில் இடது சென்டர் பேக்காக நின்றவர் இவர்தான். சீசனில் இவர் ஆடிய சிறந்த ஆட்டம் அது.

கார்னரும் ஃப்ரீ கிக்கும்

இதில் அதிகம் சொல்ல இல்லை. வலது மூலைக் கார்னரை இடதுகால்காரரும் இடது மூலைக் கார்னரை வலதுகால்காரரும் அடித்தால் இரண்டும் கோலை நோக்கி வளையும். சீசனின் முதல் பாதியில் இரண்டையும் ஒரே இடதுகால் பையன் அடித்தார். பிறகு இடது மூலை, இடப்பக்க நடுக்கள வீரருக்குப் போனது. பெனால்டி பகுதிக்கு வெளியே வலப்பக்கம் கிடைக்கும் நேரடி ஃப்ரீ கிக்குக்கு மூன்று இடதுகால் ஆட்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடியது ஒரு சின்னத் தலைவலி. ஆட்டத்துக்கு முன்பே பெயரை எழுதி ஒட்டியதும் தீர்ந்தது.

முடிவு

அணி நான்காவது இடத்தில் முடித்தது. வழக்கமான 11 பேரில் இடதுகால்காரர்களின் எண்ணிக்கை 7-லிருந்து 6 ஆகியிருந்தது. அவ்வளவுதான் குறைந்தது. மாறியதெல்லாம் யார் எங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்துப் பந்தை வாங்குகிறார் என்பது.

ஏழாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு வந்ததை முழுக்க இந்த மாற்றங்களின் கணக்கில் எழுத முடியாது. ரைட் விங்கர் ஓர் ஆண்டில் நன்றாகத் தேறினார். எங்களுக்கு மேலே இருந்த இரண்டு அணிகள் காயங்களால் சரிந்தன. ஆனால் எங்கள் பாதிக்குள் வலப்பக்கத்தில் பந்தை இழந்து வாங்கிய கோல் சீசனின் இரண்டாம் பாதியில் ஒன்றே ஒன்று. அதற்கு வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சீசனுக்கு மாற்றுவது

ஆள் தேர்வுக் குறிப்பில் இதுவரை 'இடது' அல்லது 'வலது' என்று ஒரு சொல்தான் இருந்தது. இனி இன்னும் இரண்டு விவரம் எழுத வேண்டும்: உள்பக்கமிருந்து ஒருவர் நெருக்கும்போது முதல் தொடுதல் எந்தக் காலில் விழுகிறது, அப்போது முகம் எங்கே திரும்புகிறது. சில இடதுகால் பையன்கள் வலது காலில் இயல்பாகவே நிறுத்துகிறார்கள், அடிப்பதற்கு மட்டும் இடதைத் தேடுகிறார்கள். அவர்களை வலப்பக்கம் தாராளமாக நிறுத்தலாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஃபுல் பேக் (ரைட் பேக் அல்லது லெஃப்ட் பேக்), நடுக்கள வீரர், விங்கர் மூவரில் ஒருவராவது அந்தப் பக்கத்துக் காலோடு இருக்க வேண்டும் என்பது இப்போது அணி அமைப்பின் முதல் விதி. எல்லா அணிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வலப்பக்கமே போகாமல் நடுவழியாக மட்டும் ஏறி ஆடும் அணிக்கு இது தேவைப்படாமல் போகலாம்.

இளைய பிரிவிலிருந்து வலதுகால் விங்கர்களை வரவழைப்பது சீசன் தொடக்கத்திலிருந்தே நடக்கும். இந்த முறை பாதியில்தான் தொடங்கியது. லெஃப்ட் பேக்கின் பழக்கம் ஊறிப்போவதற்கு முன்பே செய்திருந்தால் அந்த முதல் சில கோல்கள் மிச்சம்.

தீராமல் இருப்பது கோல்கீப்பர் விஷயம். அவருடைய இடது காலிலிருந்து பந்து இன்னமும் இடப்பக்கம்தான் முதலில் போகிறது; கூர்மையான எதிரணி ஒன்று கடைசி ஆட்டத்தில் அதைக் கவனித்து அந்தப் பக்கமே ஆளைக் குவித்தது. அவருக்கும் வலதுகால் பயிற்சி கொடுப்பதா, அல்லது அவரிடமிருந்து வலப்பக்கப் பந்து தேவையே இல்லாதபடி சென்டர் பேக்குகளை அகலமாக நிறுத்துவதா என்று இரண்டு கருத்து இருக்கிறது. கோல்கீப்பர் பயிற்சியாளர் முதல் வழி என்கிறார், தலைமைப் பயிற்சியாளர் இரண்டாவது என்கிறார். சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டங்களில் இரண்டையும் ஆடிப் பார்ப்பதாக ஏற்பாடு.